நகைப்பு உரிமையா, சலுகையா?

சிரிப்பு மனிதனுக்கு இயற்கையாய் அமைந்த குணம். பசித்தவன் சோறு கேட்பது எவ்வளவு இயல்போ, பொருத்தமற்ற ஒன்றைக் கண்டவன் சிரிப்பதும் அவ்வளவு இயல்பேயாம். குழந்தை சிரித்தால் தாய் மகிழ்கிறாள். நண்பன் சிரித்தால் நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். ஆனால் எளியவன் ஒருவன் அதிகாரம் படைத்த பெரிய மனிதரைப் பார்த்துச் சிரித்துவிட்டால், ஊரே திரண்டு வந்து அவனை அதட்டுகிறது. அவ்வாறு சிரிப்பதற்கு அவனுக்கு உரிமை உண்டா? அல்லது, பெரிய மனிதர் மனமிரங்கி, “போனால் போகிறது, சிரித்துவிட்டுப் போ” என்று விடுகின்ற வேளையில் மட்டும் கிடைக்கும் சலுகைதானா அது?

இக்கேள்வியையே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்டோம். வெறும் தர்க்கமாகப் பேசினால் விஷயம் விளங்காது. ஆதலின், சிரிப்பையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஆராய்வோம். அவர் அமெரிக்க நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் மார்க் ஃபியோரி என்பவர்.

கேலிச்சித்திரம் என்பது யாது? உள்ளதை மிகைப்படுத்திக் காட்டி, அதன் வாயிலாக உள்ளதை உணர்த்துவதே கேலிச்சித்திரம். மந்திரியின் மூக்கை நீட்டி வரைகிறவன், மூக்கு நீளமென்று சொல்ல வரவில்லை. மந்திரி தமக்கு வேண்டாத இடத்திலெல்லாம் மூக்கை நுழைக்கிறார் என்று சொல்ல வருகிறான். நூறு வரிகளில் ஒரு தலையங்கம் சொல்வதை நாலு கோட்டில் சொல்லிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. எழுத்தறியாதவரும் அதைப் பார்த்து விளங்கிக்கொள்வர். அதிகாரிகள் தலையங்கத்தைக் காட்டிலும் படத்துக்கு அதிகம் அஞ்சுவதற்குக் காரணம் இதுவே.

ஃபியோரியும் தொடக்கத்தில் பத்திரிகைகளுக்குத் தாளில் வரைந்து கொடுத்தவரே. 1990-களின் பிற்பகுதியில், சித்திரத்தை அசையச் செய்து இணையத்தில் வெளியிட்டால் என்ன என்று அவர் முயன்று பார்க்கலானார். 2001-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்துப் பத்திரிகையாகிய மெர்குரி நியூசில் சம்பளத்துக்குச் சித்திரம் வரையும் வேலை அவருக்குக் கிடைத்தது. அவ்வேலையில் அவர் நெடுநாள் இருக்கவில்லை. அதன்பின் அசைபடமே தம் முழுத் தொழில் என்று வைத்துக்கொண்டார். தாமே எழுதி, தாமே வரைந்து, தாமே பல பத்திரிகைகளின் இணையப் பக்கங்களுக்கு விற்கும் தனியாளாக நின்றார்.

அசைபடம் செய்வது எளிய வேலையன்று. செய்திகளைப் படித்துப் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு வசனம் எழுதிக் குரல் பதிய வேண்டும். குரலுக்கு இணங்க வாயும் கையும் அசையும்படி படங்களை வரைந்து கோக்க வேண்டும். பின்னர் இசையும் ஓசையும் சேர்க்க வேண்டும். இத்தனைக்குப் பின்னும் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடங்களில் ஓடி முடியும் சிறு படமே. ஆயினும், தாளில் வரைந்த சித்திரத்தால் இயலாத ஒரு வேலையை அது செய்கிறது. நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் பேசும் அரசியல்வாதியைத் தாள் ஒரே கோலத்தில்தான் காட்டும். அசைபடமோ, நேற்றைய பேச்சையும் இன்றைய பேச்சையும் அடுத்தடுத்து நிறுத்தி, அவரையே அவருக்குச் சாட்சியாக்கிவிடுகிறது.

நிற்க. ஃபியோரியின் படங்கள் கணினியில் ஓடின. ஆனால் அந்நாளில் ஜனங்கள் கணினியைவிட்டுக் கைப்பேசிக்கு மாறத் தொடங்கியிருந்தனர். அவர் படங்கள் ஃபிளாஷ் என்னும் மென்பொருளைக்கொண்டு ஆக்கப்பட்டவை. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனில் ஃபிளாஷ் ஓடாது. ஆகவே ஐபோன்காரர்கள் தம் படங்களைப் பார்க்க வேண்டுமானால், அதற்கென ஒரு செயலியை உண்டாக்கி, 2008-இல் திறக்கப்பட்ட அந்நிறுவனத்தின் செயலிக் கடையில் வைத்தாக வேண்டும் என்ற நிலைமை அவருக்கு ஏற்பட்டது. நியூஸ்டூன்ஸ் என்ற பெயரில் ஒரு செயலியை அவர் அனுப்பினார். 2009 டிசம்பரில் பதில் வந்தது: பொதுவாழ்வில் உள்ளவர்களை இச்செயலி கேலி செய்கிறது, நமது விதிக்கு அது முரண், ஆதலால் ஏற்பதற்கில்லை.

அப்பதிலை நேயர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். கேலிச்சித்திரக்காரன் பொதுவாழ்வில் உள்ளவர்களைக் கேலி செய்கிறான் என்பது ஒரு குற்றச்சாட்டா? மருத்துவன் நோயாளியைத் தொடுகிறான் என்று புகார் செய்வதற்கு ஒப்பானதன்றோ இது? எந்தக் காரியத்துக்காக அத்தொழில் உண்டாயிற்றோ, அந்தக் காரியத்தையே குற்றமெனக் கூறிக் கதவடைத்தனர்.

நான்கு திங்கள் கடந்தன. 2010 ஏப்ரலில், கேலிச்சித்திரத்துக்கான புலிட்சர் பரிசு ஃபியோரிக்குக் கிடைத்தது. அமெரிக்கப் பத்திரிகை உலகில் தலைசிறந்த பரிசு அது. சித்திரக்காரர்களுக்கு 1922 முதல் வழங்கப்பட்டு வந்த அப்பரிசு, இணையத்துக்கென்றே ஆக்கிய அசைபடங்களுக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை. சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கல் பத்திரிகையின் இணையத்தளத்தில் வந்த படங்களுக்காக அது அளிக்கப்பட்டது. பரிசு பெற்றவரின் செயலி முன்பே தள்ளப்பட்டது என்ற செய்தி வெளிவந்ததும், ஆப்பிள் நிறுவனம் அவரைத் தேடிப் பேசி, செயலியை மறுபடி அனுப்புமாறு கேட்டுக்கொண்டது. சில நாட்களில் அது ஏற்கப்பட்டது. நடந்தது தவறு என்றும், அது திருத்தப்படுகிறது என்றும் நிறுவனத்தின் அந்நாளைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒருவருக்கு எழுதிய மடலில் ஒப்புக்கொண்டார்.

சுபம் என்று எழுதி இங்கே கதையை முடித்துவிடலாம் என்று சிலர் எண்ணுவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஃபியோரியும் அவ்வாறு எண்ணவில்லை. என்னுடைய செயலியை ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் என்னினும் திறமையாகச் செய்து, பரிசு ஒன்றும் பெறாமல் இருப்பவனுடைய கதி என்ன என்ற கேள்வியை அவரே எழுப்பினார். நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை இக்கேள்விதான்.

டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே மாறியது எது? அவர் கேலி செய்த விதம் மாறவில்லை. கேலிக்கு உள்ளான பெரிய மனிதர்களுக்கு அவர் பரிசு பெற்றதனால் வலி குறைந்துவிடவுமில்லை. மாறியது அவருடைய கீர்த்தி ஒன்றே. அப்படியானால், டிசம்பரில் குற்றமாயிருந்தது ஏப்ரலில் குற்றமற்றதாய் ஆனது எவ்வாறு? முன்னே சொன்ன காரணம் மெய்யான காரணமாயிருந்தால், பரிசு பெற்ற பின்னும் கதவு அடைபட்டே இருந்திருக்க வேண்டும். பின்னே திறந்தது நியாயமானால், முன்னே அடைத்தது அநியாயம். இரண்டும் ஒருங்கே சரியாயிருக்க இடமில்லை.

நம் தோட்டப்புறத்துப் பழைய வழக்கம் ஒன்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். துரைமாரையும் கிராணிமாரையும் எதிரே கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கியாக வேண்டும் என்ற கொடுமை முன்னாளில் இருந்தது. அதை ஒழிக்க வேண்டுமென்பது 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. அந்நாளில் ஒரு துரை, “ஓட்டப் பந்தயத்தில் பதக்கம் வாங்கிய முனியன் மட்டும் இறங்காமல் போகட்டும்” என்று சொல்லியிருந்தால், கொடுமை ஒழிந்தது என்று யாரேனும் சொல்லுவரா? முனியன் இறங்காமல் போவதைக் காணும்தோறும் மற்றவர்களுக்கு விளங்குவது ஒன்றுதான்: இறங்குவதே விதி, ஏறிப்போவது துரையின் தயவு. ஒருவனுக்குக் காட்டிய தயவு ஏனையோருக்கு விதியை இன்னும் இறுக்கிக் கட்டுகிறது.

அதே கடையில் 2009 நவம்பரில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் 500-க்கும் மேற்பட்டவர்களைச் சித்திரக்காரர் டாம் ரிச்மண்ட் வேடிக்கையாக வரைந்த செயலியொன்று தள்ளப்பட்டு, கூச்சல் எழுந்தவுடன் ஏற்கப்பட்டது. ஆக, பரிசு ஒரு சாவி. கூச்சல் இன்னொரு சாவி. இரண்டும் இல்லாதவன் வாசலில் நிற்க வேண்டியதுதான். 2010 செப்டம்பரில் அந்நிறுவனம் தன் விதிகளைத் திருத்தி வெளியிட்டபோது, புண்படுத்தும் பேச்சுக்குரிய தடையிலிருந்து தொழில்முறை அரசியல் நையாண்டியாளர்களுக்கு விலக்கு அளித்தது. முன்னிருந்ததைவிட இது நன்றே. எனினும் தொழில்முறை என்றால் என்ன? சம்பளம் வாங்கினால் தொழிலா? எத்தனை ஆண்டு வரைந்திருக்க வேண்டும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று கைப்பேசியிலேயே படம் வரைந்து, தன் வட்டாரத்து அதிகாரியின் ஊழலைக் கேலி செய்தால், அது எந்தக் கணக்கில் சேரும்? இன்றைக்குப் புகழ்பெற்ற நையாண்டிக்காரர் ஒவ்வொருவரும் ஒருநாள் பெயரற்றவராக இருந்தவரே. பெயரற்ற நாளில் கதவை அடைத்துவிட்டால், பெயர்பெறும் நாள் எங்ஙனம் வரும்?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். “கடை அவர்களுடையது, தம் கடையில் எதை வைப்பது என்று தீர்மானிப்பது கடைக்காரர் விருப்பம். இதில் உரிமையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?” என்பர். இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. பத்திரிகை ஆசிரியரும் தமக்கு வந்த எல்லாவற்றையும் அச்சிட்டுவிடுவதில்லை. ஆனால் ஓர் ஆசிரியர் தள்ளினால் மற்றோர் ஆசிரியரிடம் போகலாம். அந்நாளில் ஐபோன் வைத்திருந்த சாதாரண மனிதனோ, செயலியை முறைப்படி பெறுவதற்கு அந்த ஒரு கடையைத் தவிர வேறு வழி அறியான். ஆற்றங்கரையில் பல ஓடங்கள் இருக்கையில், ஓர் ஓடக்காரன் தனக்குப் பிடித்தவர்களை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். இருப்பது ஒரே பாலமாகி, அதன் வாயிலும் ஒருவன் கையில் இருந்தால், அவன் சொந்த விருப்பம் என்பது ஊருக்கெல்லாம் சட்டமாகிவிடுகிறது. சட்டத்தின் வலிமை படைத்தவன் சட்டத்தின் பொறுப்பையும் ஏற்றாக வேண்டும்.

அரசாங்கத் தடையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். நமது மலேசியாவில், கேலிச்சித்திரக்காரர் சூனார் மீது 2015-இல் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அது கொடிய சோதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் குற்றச்சாட்டு எழுத்தில் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வழக்கறிஞர் எழுந்து பேச இடம் இருந்தது, ஜனங்கள் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தனர். 2018-இல் அவ்வழக்குகள் கைவிடப்பட்டன. கடைக்காரன் அனுப்பும் மறுப்புக் கடிதத்துக்கோ நீதிமன்றம் கிடையாது. மறுப்பதும் முறையீட்டைக் கேட்பதும் அவனே. சிறைவாசம் இல்லை என்பது மெய். சத்தமில்லாமல் காரியம் முடிந்துவிடுகிறது என்பதும் மெய். பரிசு கிடைத்திராவிட்டால் ஃபியோரியின் செயலி தள்ளப்பட்ட செய்தி இத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமா?

இனி, வேறொரு பக்கத்தையும் பார்ப்போம். கேலிக்கு எல்லையே வேண்டாமா? யாரையும் எப்படியும் இகழலாம் என்பதுதான் உரிமையா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. ஆன் டெல்னேஸ் என்னும் அம்மையாரின் அனுபவம் இதை விளக்க உதவும். அசைபடக் கலையை முறையாகப் பயின்ற அவர், 2001-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். 2008 முதல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் இணையத்தளத்துக்கு அசைபடங்கள் செய்தவர். 2015 டிசம்பரில், ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட டெட் குரூஸ் என்பவர் தம் இரு பெண்குழந்தைகளையும் தேர்தல் விளம்பரப் படத்தில் தோன்றச் செய்தார். அதைக் கண்டித்து டெல்னேஸ் ஆக்கிய அசைபடத்தில், குரூஸ் குரங்காட்டியாகவும் குழந்தைகள் குரங்குகளாகவும் காட்டப்பட்டனர். குழந்தைகளைக் கேலிக்கு உள்ளாக்குவது தம் பத்திரிகையின் வழக்கமன்று என்று கூறி, ஆசிரியர் அப்படத்தை எடுத்துவிட்டார். தந்தையே அவர்களை அரசியல் மேடையில் ஏற்றினார் என்பது சித்திரக்காரரின் வாதம்.

நம் அபிப்பிராயத்தில் ஆசிரியர் செய்தது சரியே. கேலிக்கு மூன்று சோதனைகள் உண்டு. கேலிக்கு உள்ளாகிறவர் பொது அதிகாரத்தைக் கையாள்கிறவரா அல்லது நாடுகிறவரா? கேலி அவருடைய செய்கையைப் பற்றியதா, அன்றிப் பிறப்பு, நிறம், உடற்குறை முதலிய அவர் தேர்ந்துகொள்ளாதவற்றைப் பற்றியதா? அதற்கு அடியில் உண்மை இருக்கிறதா? தந்தை முதற் சோதனைக்கு உரியவர்; குழந்தைகள் உரியவரல்லர். மேடையில் ஏற்றியது தந்தையின் செய்கையாதலின், தந்தையை மட்டும் வரைந்திருந்தாலே போதுமானது.

ஆனால் இங்கே கதவு அடைபட்ட முறையைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் தம் பெயரோடு காரணத்தைச் சொன்னார். யார் வரைந்திருந்தாலும் அதே காரணம் பொருந்தும். பரிசு பெற்றவர் என்பதற்காக விலக்கும் அளிக்கப்படவில்லை. காரணத்தை மறுத்துப் பேசுவோரும் பேசினர். உரிமை என்பது எல்லையற்ற வெளியன்று. அனைவருக்கும் ஒரே எல்லை, அறிவிக்கப்பட்ட எல்லை, வாதிடத்தக்க எல்லை. சலுகை என்பது ஆளுக்கு ஓர் எல்லை.

அதே டெல்னேசுக்கு அதே பத்திரிகையில் நேர்ந்த மற்றொன்று இதற்கு நேர்மாறானது. பெருஞ்செல்வர்கள் சிலர் டொனால்டு டிரம்பின் சிலைக்கு முன் பணமூட்டைகளோடு மண்டியிடுவதாக அவர் ஒரு சித்திரத்தின் முன்வரைவு தீட்டினார். அச்செல்வர்களுள் ஒருவர் அப்பத்திரிகையின் முதலாளியாகிய ஜெப் பெசோஸ். அது வெளியிடப்படவில்லை. 2025 ஜனவரியில் அவர் வேலையைத் துறந்து, அவ்வரைவைத் தம் சொந்த இணையப் பக்கத்தில் வெளியிட்டார். அதே பொருளைப் பற்றி முன்பே கட்டுரை வந்துவிட்டது, மறுபடியும் வேண்டாமென்றே தள்ளினோம் என்பது ஆசிரியரின் சமாதானம். அது மெய்யாகவே இருக்கலாம். ஆயினும், முதலாளி மண்டியிடும் படத்தை முதலாளியின் வீட்டுக்குள்ளேயே நிறுத்துப் பார்க்கும்போது, தராசு நேராக இருந்தாலும் உலகம் நம்புவது அரிது. அவ்வாண்டு மே திங்களில் அவருக்கு மீண்டும் புலிட்சர் பரிசு வந்தது. பரிசு அவரைப் பெருமைப்படுத்திற்று. இழந்த இடத்தைத் திருப்பித் தரவில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. கேலிச்சித்திரக்காரன் ஒரே ஒரு வாயிலை நம்பி வாழ்ந்தால், அவ்வாயிலோனின் முகக்குறியைப் பார்த்தே வரைய வேண்டிவரும். ஃபியோரி ஒருவரிடம் சம்பளம் வாங்காமல் பலருக்கும் விற்றுப் பிழைத்ததன் பொருள் இதுவே. பலருக்குக் கடமைப்பட்டவன் எவருக்கும் அடிமையல்லன். ஆனால் கருவியும் பிறர் கையில் இருக்கிறதே! ஃபிளாஷ் மென்பொருளை அதன் உரிமையாளராகிய அடோபி நிறுவனம் 2020 டிசம்பரோடு கைவிட்டது. அதைக்கொண்டு ஆக்கிய எண்ணற்ற அசைபடங்கள், வேறு உருவில் மாற்றி வைத்தாலன்றிச் சாதாரணமாகப் பார்க்க இயலாதனவாயின. பழந்தமிழ் ஏடுகளைச் செல் அரித்தது. படியெடுத்து வைத்தவைதாம் பிழைத்தன. அசைபடத்துக்கும் அவ்விதியே. படியெடுத்துக் காப்பாற்றுவார் இருந்தாலன்றி, இன்றைய நகைப்பு நாளைக்குச் சாட்சி சொல்லாது.

நேயர்களே! இது அமெரிக்காக்காரன் வழக்கு, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. இன்று நம் கையிலும் கைப்பேசி இருக்கிறது. நம் பிள்ளைகளும் அதில் படம் செய்கிறார்கள். அவர்கள் செய்யும் படமும் யாரோ ஒருவருடைய வாயிலைக் கடந்துதான் வெளியே வருகிறது. பெரியவர்களைப் பார்த்து அவர்கள் சிரிக்கும்போது, “உனக்கு என்ன தகுதி?” என்று கேட்பதை நாம் முதலில் விட வேண்டும். “நீ சொல்வது உண்மையா? எளியவரை நோகடிக்கிறாயா?” என்று கேட்போம். இக்கேள்விகளுக்கு நேரான விடை சொல்லக்கூடியவனுக்குப் பதக்கம் தேவையில்லை.

அவ்வாறே, நமக்குப் பிடித்த தலைவரை ஒருவன் உண்மையோடு கேலி செய்யும்போதும் இதே நியாயத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். பகைவரைக் கேலி செய்தால் கைதட்டி, நம்மவரைக் கேலி செய்தால் கதவடைப்போமானால், நாமும் கையில் சாவி வைத்துக்கொண்டு தயவு காட்டும் வாயிலோராகிவிடுவோம். நம்மைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கும் இடங்கொடுக்கும் நாளில்தான் சிரிப்பு எல்லார்க்கும் உரிமையாகும்.